பேரு மட்டும் போடாதீங்க

நேற்றுக் காலை எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. ‘நம் தையல் வகுப்புச் சகோதரி ஒருவருடைய மகளின் குடும்பச் சமாதானத்துக்காக ஜெபிக்கவும். பெயர் வேண்டாம்.’ அதன் கீழே கூப்பிய கைகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் தையல் வகுப்பில் மகளைக் கட்டிக்கொடுத்த சகோதரி ஒரே ஒருவர்தான். போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அது ஆறிப்போயிருந்தது.

‘பெயர் வேண்டாம்’ என்று எங்கே படித்தாலும் எனக்கு உமிச் சாம்பல் வாசனை வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். பகலெல்லாம் கண்ணாடிக் குழாய் கழுவுவது, சாயங்காலம் கோயில் (சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) வாலிபர் சங்கத்துச் செயலாளர். கோயிலுக்குப் பின்னால் முள்ளடர்ந்து கிடந்த காலிமனையைச் சுத்தம் செய்து வாலிபால் கிரவுண்டு ஆக்கினோம். தறி நெய்கிற வீட்டுப் பையன்களுக்கு விளையாட இடமில்லை, பந்து வாங்க வழியில்லை, அவர்களைச் சேர்த்து விளையாட வைத்து நல்லது நாலு சொல்லலாம் என்பது என் திட்டம். ஒரே ஒரு பந்து. காற்று போனால் எதிர் சைக்கிள் கடைப் பம்பு. கோடு போடச் சுண்ணாம்பு வாங்குவானேன் என்று களம்பூர் ரைஸ்மில்லில் சும்மா கிடைக்கிற உமிச் சாம்பலை மூட்டையில் கட்டி சைக்கிளில் கொண்டுவருவோம். நாலு பேர் குதித்தால் போதும், சாம்பல் எழும்பி மூக்கில் ஏறும். இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்கு வாலிபால் வராது. நான் போட்ட சர்வீஸ் ஒன்றுகூட நெட்டைத் தாண்டியதில்லை. ஒரு விசிலும் ஒரு வேதாகமமும் இருந்ததால் கோச் ஆகிவிட்டேன்.

பையன்கள் பத்துப் பேரும் சேவூர்ப் பக்கம். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு மிதித்தவர்கள், கிரவுண்டுக்கு வந்ததும் என்னமாய் எகிறுவார்கள்! அவர்களில் சம்பத்துதான் லிஃப்டர், அடிப்பவனுக்குப் பந்தை ஏந்திக் கொடுக்கிறவன். அறுந்த பட்டு இழையை முடிச்சுத் தெரியாமல் சேர்க்கிற விரல்கள் அவனுக்கு. பந்து அவன் கையில் பட்டதே காதில் விழாது. ஆட்டம் முடிந்ததும் டிராயர் பாக்கெட்டிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து விரல்களில் தேய்த்துக்கொள்வான்.

“இன்னாடா, கோயில் காம்பவுண்டுல விபூதி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சாமிக்கு இல்ல பிரதரு. கை வேர்த்துகினு தறியில ஒக்காந்தா பட்டுல கறை பட்டுடும். எங்கம்மா தோல உரிச்சிடும்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் கொஞ்சம் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் வட்டமாக நிற்போம். ஒவ்வொருவனும் ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். நான் அதை நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு ஜெபிப்பேன். கணக்கில் பாஸ் ஆகணும், மாமா டிவி வாங்கணும், பக்கத்து வீட்டு நாய் சாகணும், எல்லாம் வரும். சம்பத்து மட்டும் எப்போதும், “ஒண்ணும் இல்ல பிரதரு” என்பான்.

கோயில் கமிட்டிக்கு இந்தப் பந்தாட்டம் பிடிக்கவில்லை. அதில் பெரியவரான தேவதாஸ் ஐயா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, ஒரு வருஷமா பந்து தட்டிகினு இருக்கானுங்க. ஒருத்தனாவது ஆண்டவர்கிட்ட மனசார ஒரு வார்த்தை கேட்டானா? வர்ற ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிடலாம்.” முடிவு என்றால் கிரவுண்டைப் பூட்டுவது. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்துப் பையன்கள் மறுபடி எங்கே போவார்கள் என்று கவலைப்பட்டேன் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் விசில் போய்விடுமே என்ற கவலையும் இருந்தது.

சனிக்கிழமை நெட்டில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. வீட்டில் வைத்து முடிந்து எடுத்துவருகிறேன் என்று சம்பத்து அதைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

“பிரதரு, ஒரு ஜெபக் குறிப்பு.”

“சொல்றா.”

“எங்கம்மாவுக்கு இருமினா ரத்தம் வருது. டிபின்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் மாத்திரை துண்ணா சரியாயிடுமாம். தையில அக்காவுக்குக் கல்யாணம், களம்பூர் மாப்ள. தெருவுல யாருக்கும் தெரியாது.” சுருட்டிய நெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “எழுதிக்கோங்க. பேரு மட்டும் போடாதீங்க,” என்றான்.

நான் போடவில்லை. மறுநாள் ஆராதனையில் விண்ணப்ப நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன்: “சேவூரில் நெசவு செய்கிற, நம் வாலிபால் குழுவில் லிஃப்டராக ஆடுகிற அன்பான தம்பியின் தாயார், காசநோயிலிருந்து சுகமடைய.” அட முட்டாளே, இதற்குப் பேரையே சொல்லியிருக்கலாம். அன்று தோன்றவில்லை. நோட்டில் அவன் பெயர் இல்லை, என் மனசாட்சி சுத்தம். சபையே கண்ணை மூடி உருகி ஜெபித்தது. தேவதாஸ் ஐயா என் தோளைத் தட்டி, “ஊழியம்னா இதான் தம்பி” என்றார். கிரவுண்டு பிழைத்தது. நான் மிதந்துகொண்டே வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு குஸ்கா சாப்பிட்டேன்.

சபையிலிருந்து மூன்று பேர் அன்று சேவூர் டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். ஒருவரும் கெட்ட மனசில் சொல்லவில்லை. பாவம் அந்த அம்மா என்றுதான் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் தெருக்குழாயில் சம்பத்து வீட்டுக் குடத்தைத் தனியாகத் தள்ளி வைத்துவிட்டார்கள். புதன்கிழமை களம்பூரிலிருந்து ஆள் வந்து, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சம்பத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். தோளில் நெட்டு.

“பேரு சொல்லல இல்ல பிரதரு?”

“சொல்லலடா. சத்தியமா சொல்லல.”

“அப்புறம் எப்பிடித் தெரிஞ்சிது?”

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். நான்தான்டா என்று சொல்ல வாய் திறந்தேன். உள்ளேயிருந்து பையன்கள், “சம்பத்து, ஜல்தி வாடா!” என்று கத்தினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் நெட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். ஓட்டை இருந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் அம்மாவை ரேஷன் கடையில் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “நல்லா இருக்கியா தம்பி? ஏன் பந்தாட வரமாட்டன்றான் எம்புள்ள? நீ ஒருவாட்டி கூப்டுப்பா, நீ சொன்னா கேப்பான்.” அதற்குள் அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும். சபையில் யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் வீட்டில் என் பெயரை அவன் சொல்லவேயில்லை. “கூப்புட்றேம்மா” என்றேன். கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? அடுத்த வருஷம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆனதா என்று இன்றுவரை தெரியாது. பாதி ராத்திரியில் விழிப்புத் தட்டினால் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

கிரவுண்டு இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. அப்புறம் அங்கே கல்யாண மண்டபம் கட்டினார்கள். தேவதாஸ் ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். பையன்கள் பெங்களூர், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனிகளுக்குக் கலைந்தார்கள். சேவூரில் அந்தத் தெருவில் இப்போது விசைத்தறிச் சத்தமும், அதை ஓட்ட வெளியூரிலிருந்து குடிவந்தவர்களும்தான்.

சம்பத்து என்பது அவன் பெயர் இல்லை. பேரு மட்டும் போடாதீங்க என்றான், இதிலும் போடவில்லை. போன மாதம் அந்தத் தெருவுக்குப் போய், “இங்கே லிஃப்டர்னு ஒரு பையன்” என்று மூன்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் யாரென்று தெரியவில்லை.