இலவச இதழும் பதினேழாம் பக்கமும்

நூலகர் வேலை என்றால் புத்தகத்தை வெளியே போகவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. மீறிப் போய்விட்டால் திரும்பி வரும்வரை துரத்தும் வேலை. கல்லூரி நூலகங்களில் குப்பை கொட்டிய சகாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் பதினைந்து வருடம் அப்படித் துரத்திக்கொண்டிருந்த என்னை, தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒருநாள் பிரின்ஸிபால் கூப்பிட்டார். நம் ஆசிரியர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஆறு மாதத்துக்கொரு முறை நூலகமே இதழாகப் போட வேண்டும். கேட்பவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசம். கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த இன்டர்நெட்டிலும் ஏற்ற வேண்டும். யாரும் படிக்கலாம், யாரும் நகல் எடுக்கலாம். இரண்டு வருடம் பார்ப்பது, படிக்க ஆளில்லை என்றால் மூடிவிடுவது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அதுவரை அடுத்தவர் போட்ட புத்தகங்களுக்குக் காவல் இருந்தவள், முதல்முறையாக நானே ஒன்றைப் போடப் போகிறேன். அது மூடப்படக் கூடாது என்ற எண்ணம் முதல் இதழ் வருவதற்கு முன்பே எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

கட்டுரை கேட்கப் போன கதை

முதலில் வேதியியல் துறைத் தலைவரிடம் போனேன். அவருடைய மேஜை இழுப்பறையில் சாயப்பட்டறைக் கழிவுநீர் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. அவர் எழுதி வருடம் இரண்டாகியும் வெளிநாட்டுப் பத்திரிகை எதுவும் அதைச் சீண்டவில்லை. எங்களுக்குக் கொடுங்கள், நொய்யல் ஆற்றங்கரையில் இருப்பவர்களெல்லாம் படிப்பார்கள் என்றேன்.

அவர் காப்பி வாங்கிக்கொடுத்தார், உட்காரவைத்து உபசரித்தார். கட்டுரையை மட்டும் கண்ணில் காட்டவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் காரணத்தைச் சொன்னார்.

"ஆரு வேணுமுன்னாலும் எடுத்துப் படிக்கலாமுன்னா, அப்புறம் அதுக்கு என்னங்க மேடம் மருவாதி?"

மருதாசலண்ணன் போட்ட பூட்டு

எப்படியோ ஐந்து கட்டுரை தேற்றி முதல் இதழ் வந்தது. நூலக வாசலில் ஒரு மேஜை போட்டு, 'இலவசம், எடுத்துச் செல்லலாம்' என்று அட்டையில் எழுதிவைத்து ஐம்பது பிரதிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்தால் மேஜை காலி. அத்தனையும் ஒரே நாளில் போய்விட்டதா என்று பூரித்துப் போய் உள்ளே நுழைந்தேன். ஐம்பதும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. அட்டையையும் பத்திரமாக உள்ளேயே வைத்திருந்தார் அட்டெண்டர் மருதாசலண்ணன்.

என்னைவிட ஆறு வருடம் சர்வீஸ் அதிகம் அவருக்கு. அவர் காவலில் ஒரு புத்தகம் தொலைந்ததாகச் சரித்திரம் இல்லை. எடுத்துக்கொண்டு போகத்தான் அண்ணா வைத்தோம் என்று நான் விளக்கியதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அலமாரியைத் திறந்துவிட்டு, கையெழுத்து வாங்க ஒரு நோட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"நீங்க சொன்னாச் சரிங்க மேடம். ஆனா நாளைக்கு ஒண்ணு காணோமுன்னா எங்கிட்டக் கேக்கப்படாதுங்க."

பதில் அட்டை

படிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சந்தாப் பத்திரிகை என்றால் சந்தாதாரர் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். எங்களுடையதில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு இதழுக்கும் தபாலில் போன முந்நூறு பிரதிகளிலும் ஒரு அஞ்சலட்டையைச் செருகி, 'படித்தீர்களா? ஒரு வரி எழுதுங்கள்' என்று அச்சடித்து அனுப்பினேன்.

முதல் மூன்று இதழ்களுக்கும் சேர்த்து மூன்று அட்டை வந்தது. ஒன்றில் முகவரி மாற்றம். இன்னொன்று, கல்லூரியில் கிளார்க் வேலை காலியாக இருக்கிறதா என்று கேட்டது. மூன்றாவதில் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துச் சொல்லியிருந்தார். இந்த மூன்றையும் கொண்டுபோய் பிரின்ஸிபால் மேஜையில் வைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை.

"நாலாவது இதழோட ரெண்டு வருசம் முடியுதுங்க மேடம். காலேஜ் கமிட்டியில செகரட்டரி கேப்பாருங்க. படிச்ச ஆள் ஒருத்தரையாவது காட்டுங்க, இல்லீன்னா நானு வாயத் தொறக்க முடியாது."

பதினேழாம் பக்கம்

நான்காவது இதழை எப்படியாவது நாலு பேர் கையில் எடுக்கும்படி செய்ய வேண்டும் என்று, தாவரவியல் தேவராஜ் சாரைத் தமிழிலேயே எழுதச் சொன்னேன். வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். இரண்டு வருடம் தோட்டம் தோட்டமாக அலைந்து செய்த வேலை. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதையெல்லாம் ஒரு சின்னக் கட்டத்தில் போட்டிருந்தார். முதல் மூன்று இதழ்களின் தபால் பிரதிகளையும் அச்சகத்திலிருந்து நானே ஆட்டோவில் நேராகத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். இந்தமுறை தங்கை கல்யாணத்துக்காக நான்கு நாள் லீவு. கட்டுகள் நூலகத்துக்கு வந்து இறங்கின.

நூலகங்களில் ரகசியப் பக்கம் என்று ஒன்று உண்டு, சகாக்களுக்குத் தெரியும், வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். புத்தகத்தைத் திருடுகிறவன் முதல் பக்கத்தைக் கிழித்துவிடுவான் என்பதால், உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தைக் குறித்துவைத்து எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் முத்திரை குத்துவோம். எங்கள் நூலகத்துக்குப் பதினேழு. மருதாசலண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை பிரதிகளிலும் பதினேழாம் பக்கத்தின் நட்டநடுவில், ஊதா மையில், உள்ளங்கை அகல முத்திரையை அழுத்தமாகக் குத்தியிருக்கிறார். தேவராஜ் சாரின் கட்டம் இருந்தது பதினேழாம் பக்கத்தின் நட்டநடுவில்.

லீவு முடிந்து வந்த நான் ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். கட்டுகள் ஒழுங்காகத் தபாலுக்குப் போய்விட்டன என்ற திருப்தியில் விட்டுவிட்டேன். கணினித் துறையில் ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் ஏற்றியதும் அதே முத்திரைப் பிரதிதான். பத்து நாள் கழித்து முதல் கடிதம் வந்தபோதுதான் பக்கத்தைப் புரட்டினேன். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினால், நம்ம நூலகத்துக்குள் வந்த புத்தகத்துக்கு முத்திரை போடாமல் விட்டால் அப்புறம் நான் எதற்கு என்று அவர் கேட்டார். பிரதியை எடுத்துக்கொண்டு தேவராஜ் சாரிடம் போனேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முத்திரைமேல் விரலை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு வருச வேலையில, ஒரு விவசாயி படிக்கோணுமுன்னு நெனச்ச எடம் இது ஒண்ணுதானுங்க மேடம்."

கோபியிலிருந்து ஒரு போன்

பிறகு தினமும் தபால் வந்தது. முத்திரைக்கு அடியில் மறைந்த கட்டத்தில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாக் கடிதமும். வால்பாறை எஸ்டேட் பள்ளி ஆசிரியர் ஒருவர், பொள்ளாச்சியில் இருக்கும் தன் மாமனார் தோட்டத்துக்காகக் கேட்டிருந்தார். மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி அனுப்பியது நகலின் நகல். அதில் முத்திரை கறுப்பு வட்டமாகவே ஆகியிருந்தது. மலேசியாவிலிருந்து ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இரண்டு வருடமாக வாசகர்கள் வர வேண்டும் என்று ஏங்கியவள், அந்த வாரம் முழுக்க இதை யாரும் படித்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். முந்நூறு முகவரிகளுக்கும் சரியான பக்கத்தை அனுப்பிவிடலாம். நகல் எடுத்தவர்களும் அந்த நகலை நகல் எடுத்தவர்களும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் அளவு தெரியாமல் கூடுதலாக அடித்து வாழை கருகினால், அந்தப் பாவம் என் தலையில்தான்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். தண்டில் துளை விழ ஆரம்பித்துவிட்டதாம். எண்ணெய் வாங்கி டிரம்மில் தயாராக வைத்துவிட்டு, எஸ்.டி.டி. பூத்துக்கு வந்திருக்கிறார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு, கட்டத்தை வரிவரியாக இரண்டு முறை வாசித்தேன். அவர் திருப்பிச் சொன்னார், சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"நல்லவேளைங்க அம்மணி. ரெண்டு ஏக்கரா நிக்குது. இன்னைக்குப் பொழுதுக்குள்ள தெரியலீன்னா குத்துமதிப்பா அடிச்சுப்போடலாமுன்னு இருந்தேனுங்க."

கமிட்டி

கடிதங்களை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அத்தனையும் எங்கள் மடத்தனத்துக்குச் சாட்சி. செகரட்டரி ஒரு மில் முதலாளி, பேச்சுக் குறைவு. ஒரு நூலில் பிசிறு இருந்தால் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர். மறைத்தால் படித்ததற்கு ஆதாரம் இல்லை, இதழ் போச்சு. காட்டினால் இதழோடு நானும் போகலாம். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முத்திரை குத்தியவர் பெயரை மட்டும் சொல்லவில்லை, பிரதியைப் பார்க்காதது என் தப்பு என்றேன்.

செகரட்டரி கோப்பை வாங்கி ஒவ்வொரு கடிதமாகப் படித்தார். பிரின்ஸிபால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கடிதம்வரை படித்து, கோப்பை மூடி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தனை பேரு பதினேழாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்காங்களா?"

இதழ் நிற்கவில்லை. ஆக, சகாக்களே, நம் தொழிலில் வாசகர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நான் கண்ட ஒரே வழி, அவரைப் படிக்கவிடாமல் செய்து பார்ப்பதுதான்.