தரையைத் தொட்ட கோடு

ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எந்தத் தறியில் மாதம் எத்தனை சேலை இறங்குகிறது என்ற அட்டவணை என் பொறுப்பு. போன வருடம் ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்திலும் மாதாமாத ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு சின்னக் கோட்டுப்படம் வரும்படி செய்தேன்.

பெரணமல்லூரில் நெய்யும் ஓர் அக்காவின் கோடு மட்டும் கடைசி மாதத்தில் சரிந்து கட்டத்தின் அடியைத் தொட்டிருந்தது. வேறு யாருக்கோ நெய்கிறார் என்று சந்தேகப்பட்டு, சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். தறியில் எங்கள் சேலைதான் இருந்தது. அப்படியும், நாங்கள் கொடுத்ததுதானா என்று ஜரிகையை உற்றுப் பார்த்தேன்.

"இன்னா தம்பி, வேவு பாக்க வந்தீங்களா?"

செல்போனில் கோட்டைக் காட்டினேன். கோட்டுக்குப் பக்கத்திலிருந்த எண்களை அவர் படித்தார்.

"அஞ்சு, அஞ்சு, அஞ்சு, நாலு. காய்ச்சல்ல படுத்துகினு இருந்தேன், ஒண்ணு கொறஞ்சுது. அதுக்கா இம்மாம் பள்ளம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு கட்டமும் அந்த வரிசையின் மிகக் குறைந்த எண்ணையே தரையாக வைத்து வரைந்திருந்தது. அன்றே எல்லாக் கோடுகளையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைத்தேன். அவருடையது கிட்டத்தட்ட நேராகிவிட்டது.

திருத்தியதைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார், சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் சேலை கொண்டுவந்தால், நான் எண்ணை அடித்து முடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.