தொலைவில் படியும் வண்டல்

நீரோடு வரும் மண் எங்கே, எவ்வளவு காலத்தில் படியும் என்பதைக் கணக்கிடுவதே என் தொழிலாக இருந்தது. ஓய்வுபெறும்வரை ரொறன்ரோவின் கழிவுநீர்த் தொட்டிகளில் அதைத்தான் செய்தேன். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் அதுவே. வீட்டில் அது பெருமைக்குரிய பேச்சாக இருந்ததில்லை. "அப்பாவுக்குச் சேறெண்டா உயிர்" என்று என் ஒரே மகன் தன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

அவன் மின்பொறியியல் படித்தான். நாட்டின் மேற்கே, மலைக்கு அடியிலிருந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பம்புகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனான். நிலத்தடிச் சுரங்கத்துக்குள் நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்கும். இறைப்பதை நிறுத்தினால் தாழ்ந்த வழிகள் மூழ்கிவிடும். சென்ற பனிக்காலத்தில், நீர் தேங்கிக் கிடந்த பழைய குடைவு ஒன்றின் சுவர் உடைந்தது. நீரும் சேறும் அடிமட்டச் சுரங்கவழிக்குள் பாய்ந்தன. மற்றவர்கள் வெளியே வந்தார்கள். அவன் அந்த வழியின் கடைசி முனையில், ஒரு பம்பருகே இருந்தான்.

நிர்வாகத்தினர் அவனைக் கைவிடவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் நீரை மேலே இறைத்தார்கள். குளங்களில் தேக்கி, கரித்தூள் அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஆற்றில் விட்டார்கள். கோடை தொடங்கியபோது நீர் வற்றிச் சேறு எஞ்சியது. அதை ஆறு வாரம் இறுக விட்டு, பின்னர் ஆறு பேர் பலகைகளை விரித்து அதன்மேல் நடந்து சென்று தேடுவார்கள் என்று எங்களுக்கு அறிவித்தார்கள்.

அதுவரை இறந்தவர்க்கான பூசை ஒப்புக்கொடுக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. வோபர்னில் நாங்கள் போகும் தேவாலயத்தின் குருவானவர் இருமுறை வீட்டுக்கு வந்து பேசினார். "பிள்ளை வரட்டும் ஃபாதர், பிறகு பாப்பம்" என்று தேநீரை அவர் முன்னால் வைத்தாள்.

ஆறு வாரம் அவளுக்கு நீண்டதாக இருந்தது.

"ஆறு கிழமை கூடவெல்லோ? நீங்கள் படிச்ச படிப்புக்கு ஒரு கிழமையாவது குறைக்கேலாதோ? அவங்கள் கணக்குப் போட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கோவன்."

கேட்டேன். சுரங்கத்தின் நீர்ப் பொறியியலாளர், என் மகனின் வயதுடைய பெண், அன்றே அனுப்பிவைத்தார். சமையலறை மேசையில் இரண்டு நாள் இருந்து வாசித்தேன். பம்புகளின் கணக்குச் சரி. குளங்களின் கணக்கும் சரி. பிழை, சேற்றின் மாதிரியை எடுத்த இடத்தில் இருந்தது. ஓடும் நீர் பருமணலை முதலில் கைவிடும். களிமண்ணையும் நுண்ணிய கரித்தூளையும் தொலைவுவரை சுமந்து செல்லும். மாதிரியைச் சுரங்கவழியின் வாயிலில் எடுத்திருந்தார்கள், ஆட்கள் போகக்கூடிய இடம் அதுவாக இருந்தபடியால். அந்த மணலுக்கு ஆறு வாரம் போதும். கடைசி முனையில் கிடப்பது அதுவல்ல. ஆறு வாரத்தில் அது தயிரளவுகூட இறுகாது. ஆறு ஆண்டிலும் ஒரு மனிதனைத் தாங்குமென்று என்னால் சொல்ல இயலாது. பலகை விரித்து நடப்பவர்கள் பாதிவழி உறுதியாகச் செல்வார்கள். அதன்பின் அமிழ்வார்கள்.

அன்று ரெக்ஸ்டேலிலிருந்து மனைவியின் தம்பி சாப்பாடு கொண்டு வந்திருந்தார். இருவரிடமும் சொன்னேன்.

"அத்தான், கறியில உப்புப் பிழை பிடிக்கிறது போதாதெண்டு இதிலயும் பிடிச்சிட்டியளோ?" என்றார் அவர். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "இதை விடுங்கோ. அவங்களும் படிச்ச ஆக்கள்தானே. நீங்கள் தகப்பனோ, சோதனைத்தாள் திருத்திற வாத்தியோ?"

"ஆறு பேர் இறங்கப் போகினம்."

"இறங்கிப் பாக்கட்டுமே. ஏலாட்டித் திரும்பி வருவினம்."

"அந்தச் சேத்தில திரும்பேலாது."

மனைவி கறிச்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "அப்ப வேற வழி?" என்றாள்.

"இல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"இன்னொருக்காப் பாருங்கோ."

இன்னொரு முறை பார்த்தேன். அவளுக்காக மட்டுமல்ல, எனக்கும் அந்த வேண்டுகோள் இருந்தது. என் கணக்கில் ஒரு தவறு கிடைக்குமென்று நான் வாழ்நாளில் விரும்பியது அந்த ஒரு தடவைதான். கிடைக்கவில்லை. மறுநாட் காலை பொறியியலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். உறவைக் குறிப்பிடவில்லை; அது அவருக்குத் தெரியும்.

அவர்கள் மேலிருந்து துளையிட்டு, கடைசி முனையின் சேற்றை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரத்தின்பின் அவர் தொலைபேசியில் அழைத்தார். நான் எழுதியது சரி என்றார். தேடுதல் கைவிடப்படுகிறது, பம்புகளை மேலே எடுத்துவிடுவார்கள், அந்த வழி மறுபடி நீரால் நிறையும் என்றார். நன்றி சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டார். நான் அவருக்கு உதவியாக, நன்றி என்று சொல்லி அழைப்பை முடித்தேன்.

மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

"நான்தான் வாசிக்கச் சொன்னனான்" என்றாள். பிறகு, "நீங்கள் வாசிக்காமல் விட்டிருக்கலாம்" என்றாள்.

அந்த ஆறு பேரையும் நான் அறியேன். அவர்கள் உயிரோடு இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும். இருக்கிறது என்று எழுதினால் அது உண்மையாகாது.

பூசை இன்னும் நடக்கவில்லை. பம்புகளை நிறுத்திய நாளுக்குப்பின் அவள் என்னிடம் ஒன்றை மட்டுமே கேட்டுவந்தாள்: இப்போது அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று. ஊறும் வேகம் எனக்குத் தெரியும். முழங்கால் என்றேன், பிறகொரு நாள், இடுப்பு என்றேன், பிறகு, ஆளுயரம். சென்ற ஞாயிறு, கூரையைத் தொட்டிருக்கும் என்றேன். அதன்பின் அவள் கேட்பதில்லை.