தலையில் முளைக்கும் தோல்

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நின்றுகொண்டு ஒரு சர்ஜனிடம் வசமாகத் திட்டு வாங்கினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அவரோ என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. ஆனாலும் நியாயம் அவர் பக்கம் இருந்தது.

குற்றம் என்ன? சந்தனம்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில், வெளிநாட்டு லேபரட்டரிகளில் மனிதத் தோலை வளர்க்கத் தொடங்கியிருப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். கப்பல் தபாலில் தாமதமாக வந்து சேர்ந்த ஓர் ஆய்விதழில் கண்ட செய்தி. படித்த அன்று என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், மறுபடி படித்தேன், மறுபடி நடந்தேன்.

தீக்காயப்பட்டவரின் உடம்பில் மிஞ்சியிருக்கும் நல்ல தோலிலிருந்து ஒரு தபால்தலை அளவு எடுக்கிறார்கள். அதைத் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்து, சத்து நீர் நிரப்பிய தட்டில் விதைக்கிறார்கள். அடியில் எலியின் உயிரணுக்கள் — தாம் பெருகாதபடி அடக்கி வைக்கப்பட்டவை — செவிலித்தாய்போல் இருந்து ஊட்டி வளர்க்கின்றன. எங்கள் திருத்தணி மலை முருகருக்கு அண்ணனின் வாகனம் ஆயிற்றே, உதவாமல் இருக்குமா? சில வாரங்களில் தட்டு நிறையத் தோல்! அதைப் புண்ணின்மேல் போர்த்துகிறார்கள். அவருடைய தோலே... அவருக்கே.

இது எப்படி நடக்கிறது? முதிர்ந்த உடம்பிலும் முதிராத உயிரணுக்கள் சில இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்கிறார்கள். நான் குருத்தணு என்று சொல்லிக்கொள்கிறேன். வாழை எத்தனை இலை விட்டாலும் நடுவில் ஒரு குருத்து சுருண்டு காத்திருக்கிறது அல்லவா? அதுபோல. எண்பது வயதுக்காரரின் தோலுக்கு அடியிலும் அவை வேலை செய்துகொண்டிருக்கின்றன. நேற்று காய்கறி நறுக்கும்போது பட்ட கீறல் இன்று மூடிக்கொள்வது வேறு எதனால்?

இந்தக் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் திருத்தணியில் என் வீட்டுக்கு வந்தார். பெயர் முனுசாமி, பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்பவர். அவருடைய மனைவி தேசம்மாவின் மடியில், தறியின் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சி அண்டாவோடு சரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரு தொடைகளும் முழங்கால்களும் வெந்துபோய்விட்டன. தோல் ஒட்டாவிட்டால் புண் சுருங்கிச் சுருங்கி, முழங்கால்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். பிறகு நடையும் இல்லை, தறி மிதிப்பதும் இல்லை. ஒட்டுவதற்கான தோலை வழக்கமாகத் தொடையிலிருந்து எடுப்பார்கள், அங்கேதான் புண். ஆகவே தலையை மழித்து அங்கிருந்து எடுக்கிறேன் என்றிருக்கிறார். குடும்பம் மிரண்டுபோய், யோசித்துச் சொல்கிறோம் என்று அவளை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டது.

“தலையில கைய வெக்க வாணாம் சார். தட்டுல வளக்கறாங்கனு எழுதிகிறீங்களே, அந்தத் தோலு... எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் வாங்கியாந்துடறேன்.”

அது இன்னும் இந்த நாட்டுக்கு வரவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கட்டிங்கை அதே மடிப்பில் மறுபடி மடித்தார். உற்சாகமாக எழுதுகிறவர்கள் இப்படி ஒருவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

மறுநாள் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தேசம்மா கட்டிலில் கிடந்தாள். வயது முப்பதுக்குள். முழங்கால்கள் அப்போதே பாதி மடங்கியிருந்தன. சர்ஜன் சொன்னது எவ்வளவு அருமையான காரியம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அந்தத் தட்டில் நடப்பது அவள் தலையில் தானாகவே நடக்கிறது. தலைத்தோலில் மயிர்க்கால்கள் நெருக்கம். ஒவ்வொரு மயிர்க்காலின் சுவரிலும் குருத்தணுக்கள். மேலாக, வெங்காயச் சருகுபோல் ஒரு படலத்தைத்தான் சீவி எடுப்பார்கள். வேர் உள்ளேயே தங்கிவிடும். அங்கிருந்து குருத்தணுக்கள் ஏறிவந்து ஒரு வாரத்தில் புதுத் தோல் போட்டுவிடும்; முடியும் பழையபடி வளரும்.

தேசம்மா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினாள்.

“அப்போ என் கால்ல சடை வளந்துடாதுங்களா சார்? பாவா பூ வாங்கியே ஓஞ்சிடுவாரே.”

பாவா என்றது முனுசாமியை. அவர் சிரித்தார், இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார். வேர் தலையில் தங்கிவிடுவதால் சடை காலுக்கு வராது என்று உறுதி கூறினேன்.

மாமியார் மட்டும் அசையவில்லை. தாலி கட்டியவளுக்கு ஆஸ்பத்திரிக்காரன் மொட்டை அடிப்பதா என்பது அந்த அம்மாளின் கட்சி. அதற்கு என்னிடம் விலங்கியல் விடை இல்லை. தேசம்மாவிடம் இருந்தது.

“முருகனுக்குனா குடுக்கலாம்ல அத்தை? மொதல்ல மலையில குடுத்துட்டு வரேன். மொட்டைத் தலையோட போனா டாக்டர் வாணாம்னா சொல்லப் போறாரு?”

மாமியார் சற்று யோசித்து, “ஆங், அது சரி” என்றார். பாடம் புரிந்த வகுப்பை விட்டு வெளியே வருகிற ஆசிரியனைப்போல் நான் பஸ் ஏறினேன்.

அவர்கள் வாடகைக் காரில் மலைக்குப் போனார்கள். முடி இறக்கினார்கள். அடுத்த நாள் ரயிலில் சென்னைக்கு நானும் உடன் போனேன். அந்த வார்டுக்கு மறுபடி போவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. எட்டு மாதங்களுக்கு முன், ஸ்டவ் வெடித்தபின், என் மனைவி அங்கே பதினோரு நாள் இருந்தாள். அவளுக்கு ஒட்டுவதற்குப் போதிய தோல் மிஞ்சியிருக்கவில்லை. பார்த்தவர் இதே சர்ஜன்.

அவர் தேசம்மாவின் தலையில் கட்டியிருந்த துணியை விலக்கினார். உச்சி முதல் பிடரி வரை காய்ந்த சந்தனம். அதற்கடியில் ஏழெட்டுக் கத்திக் கீறல்கள்.

“பயாலஜி சொல்லிக்கொடுத்தவர்தானே சார் நீங்க? எங்கேயோ கரைச்ச சந்தனத்தைக் கீறல்மேல அப்பிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இதுல நான் எப்படிக் கத்தி வைக்கிறது?”

திருத்தணியில் பிறந்தவன் நான். மொட்டையும் சந்தனமும் இல்லாமல் ஒரு நாள் விடிந்து பார்த்ததில்லை. சந்தனம் பூசாதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்பது என் புத்தியில் உதிக்கவே இல்லை. தினமும் கண்ணில் படுவதைத்தான் நாம் பார்ப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த ஒரு வாரமும் அவளுடைய முழங்கால்கள் சும்மா இருக்கப் போவதில்லை, சுருங்கும். அதை நினைத்துத் தினமும் ரயிலேறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் ஒரு வேடிக்கை. சர்ஜன் தம் மாணவர்களைக் கூட்டிவந்து, கீறல்கள் எங்கே என்று அந்தத் தலையில் தேடச் சொன்னார். கிடைக்கவில்லை! அவ்வளவும் மூடிக்கொண்டிருந்தது. தலையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார். அழைக்காமலே நான் குறுக்கே புகுந்து, குருத்தணு, தட்டு, எலி என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

பிறகு ஆபரேஷன். ஆறாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். ஒட்டிய தோல் இளஞ்சிவப்பாக, ஈரமின்றி, புண்ணைப் பற்றிக்கொண்டிருந்தது. சர்ஜன் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “பிடிச்சுக்கிச்சு” என்றார். அந்த ஒரு சொல்தான். முனுசாமி வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். சென்ற வாரம் தேசம்மா முழங்காலை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள். மைக்ராஸ்கோப்பில் எவ்வளவோ பார்த்தவன் நான். இதற்கு ஈடாக ஒன்றும் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண். உடம்பெல்லாம் தீக்காயம்; எடுக்க இடமில்லை. தேசம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னை அருகே கூப்பிட்டாள்.

“சார், என் தலைதான் மறுபடி வளந்துடுச்சே. அந்தப் பொண்ணுக்கு எடுத்துக்கச் சொல்லுங்களேன்.”

ஒருவர் தோல் இன்னொருவர் உடம்பில் நிலைக்காது, சில நாள் மூடியிருந்துவிட்டு உதிர்ந்துவிடும் என்று சொன்னேன். தேசம்மா மறுபடி அந்தக் கட்டில் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அந்தப் பொண்ணு தோலையே தட்டுல வளத்தாதான் உண்டு. சீக்கிரம் இங்க கொண்டாரச் சொல்லி எழுதுங்க சார்.”

எழுதிவிட்டேன்.

எட்டு மாதங்களுக்கு முன், அதே வார்டில், என் தோலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானும் அந்த சர்ஜனிடம் சொன்னதுண்டு. நிலைக்காது என்பது தேசம்மாவுக்குத் தெரியாது. எனக்கு அன்றே தெரியும்.