பதக்கத்துக்குப் பின்னால் இருந்தது

கிடாய்ச் சந்தையில் ஃபெஸ்டஸ் ஹெராட்டியின் பேச்சுக்கு மரியாதை உண்டு. கொம்பைப் பார்ப்பான், முகத்துக் கறுப்பைப் பார்ப்பான், கடைசியில் "இதோட அப்பன் எது?" என்று கேட்பான். பதில் சரியில்லையென்றால் விலை கேட்காமலே நகர்ந்துவிடுவான். அப்படிப்பட்டவன் தன் அப்பன் எதனால் செத்தார் என்று ஐம்பது தாண்டும்வரை யாரையும் கேட்டதில்லை. கேட்பானேன்? அதைத்தான் ஊரே சொல்லிவிட்டதே.

அப்பன் ஆஸ்டின் ஹெராட்டி குடியைத் தொடமாட்டேன் என்று மாதா கோயிலில் சத்தியம் செய்தவர். அப்படிச் செய்தவர்கள் கோட்டில் குத்திக்கொள்ளும் சின்னப் பதக்கம், இயேசுவின் இதயம் பொறித்தது, சாகும்வரை அவர் நெஞ்சில் இருந்தது. ஆனால் செத்தது ஈரல் கெட்டு. அயர்லாந்தின் அந்த மேயோ பக்கத்தில் ஈரல் கெட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "பதக்கத்துக்குப் பின்னாடி பாட்டில் இருந்திருக்கு" என்று சாவு வீட்டில் டீ குடித்தபடியே பேசினார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டி வெட்டினாள்.

அண்ணன் மலக்கிக்கு அது பொறுக்கவில்லை. "நான் குடிச்சா ஊரே பாக்கத்தான் குடிப்பேன்" என்று ஜார்லத்தின் மதுக்கடையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அந்த இடம் அவனுக்குத்தான்.

ஒரு வருஷம் ரோமம் கத்தரிக்கும்போது ஃபெஸ்டஸுக்கு முதல் இரண்டு விரல் மொளியும் வீங்கிக்கொண்டன. உடம்பில் ஒரே அசதி. மனைவி அட்ராக்டா அவனைத் திட்டித் திட்டியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தம் சோதித்துவிட்டு நர்ஸம்மா உட்காரச் சொன்னாள்.

"உங்க உடம்புக்கு இரும்புச்சத்துன்னா பேராசை. சாப்பாட்டுல வர்றதை வெளிய விடாம மூட்டுலயும் ஈரல்லயும் பதுக்கி வைக்குது, சிலருக்குத் தோல்கூட தாமிர நிறமாயிடும். இது பரம்பரைக் கோளாறு. அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. ரெண்டும் சேர்ந்ததுனால வந்தது."

"மருந்து?"

"ரத்தம் எடுக்கணும். அதோட இரும்பும் போயிடும்."

"எடுத்த பிறகு?"

"மறுபடியும் எடுக்கணும்."

ஃபெஸ்டஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குடிக்காதவனுக்கு இதுல ஈரல் கெடுமா?"

"தாராளமா கெடும். எல்லாருக்கும் அவ்வளவு தூரம் போகாது. குடிச்சா சீக்கிரம் போகும். கூடப் பிறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க."

வண்டியில் ஏறியவன் சாவியைத் திருப்பவில்லை. குளிர்காலத்திலும் மங்காத அப்பனின் தாமிர நிறம் ஞாபகம் வந்தது. பின்னாலேயே அண்ணனின் முகமும் வந்தது. நவம்பர் மழையில் ஊரே வெளுத்துக் கிடக்கும், மலக்கி மட்டும் தாமிரமாய்ப் பளபளவென்று இருப்பான். "ஸ்பெயின் வெயில்லேருந்து எப்ப வந்தே?" என்று கேட்பார்கள். அவனும் பெருமையாகச் சிரிப்பான். அது வெயில் இல்லை என்று இப்போதுதான் ஃபெஸ்டஸுக்கு உறைத்தது. ஏற்கெனவே இரும்பு, அதற்கு மேல் குடி. அண்ணனும் அப்பன் போன வழியில்தான் போய்க்கொண்டிருந்தான்.

ஃபெஸ்டஸ் போய் எல்லாவற்றையும் சொல்லியும் மலக்கி அசையவில்லை. "ஈரலைச் சோதிக்கவா? அப்பனை மாதிரியே மகன்னு ஊர் பேசும்."

"அப்பனை மாதிரின்னுதாண்ணே நானும் சொல்றேன்."

"போடா."

அட்ராக்டா சொன்னாள்: "பிடிவாதமும் உங்க ரெண்டு பேருக்கும் அப்படி வந்ததுதான். அதுக்கு இன்னும் ஊசி வரல."

இலையுதிர்காலச் சந்தையில் மலக்கிக்கு ஒரு கிடாய் பிடித்துப்போனது. முறுக்கிய கொம்பு, அகன்ற நெஞ்சு. தம்பியைப் போலவே அவனும் விற்பவனிடம் கிடாயின் அப்பனைப் பற்றிக் கேட்டான்.

"நல்ல கிடாய்தான், போன வருஷம் செத்துப்போச்சு."

"எதனால?"

"படுத்தது, எந்திரிக்கல."

"காரணம் தெரியாதா? அப்ப எனக்கு வேணாம்யா."

ஃபெஸ்டஸ் சிரிக்கவில்லை. "கிடாய்க்கு மட்டும் கேக்கத் தெரியுதுல்ல அண்ணே?"

மலக்கி கொம்பைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு கேட்டான்: "ஊசி வலிக்குமா?"

"உன் வாய் அளவுக்கு வலிக்காது."

சோதித்ததில் அவனுக்கும் இருந்தது, தம்பியைவிட அதிகமாகவே. ஈரல் தடிக்கத் தொடங்கியிருந்தாலும் கைமீறிப் போகவில்லை. குடியை மட்டும் அடியோடு விடச் சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து ரத்தம் கொடுத்தார்கள், ஆட்டு விலை பேசியபடியே. நர்ஸம்மாதான் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருநாள் அங்கிருந்து திரும்பும் வழியில் மலக்கி தம்பியையும் கூட்டிக்கொண்டு நேரே ஜார்லத்தின் கடைக்குப் போனான். கோட்டில் அப்பனின் பதக்கம் இருந்தது.

"வாங்க சாமியாரே! என்ன ஊத்தட்டும்?" என்றான் ஜார்லத்.

"லெமனேட்."

"பதக்கத்துக்குப் பின்னாடி பாட்டில் எங்கே?"

மலக்கி சட்டைக் கையை மடித்து ஊசி குத்தின இடத்துப் பிளாஸ்திரியைக் காட்டினான். "பின்னாடி இருக்கிறது இரும்புடா. எங்கப்பனுக்கும் அதுதான். அந்த மனுஷன் ஒரு சொட்டு குடிச்சதில்ல. எல்லாரும் கேட்டுக்குங்க!"

ஜார்லத் லெமனேட்டை ஊற்றி வைத்தான். காசுக்குக் கை நீட்டவில்லை. கவுண்டரில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் இரண்டு விரல் மொளியும் வீங்கியிருந்தன.

ஃபெஸ்டஸ் முன்னால் சாய்ந்தான். சந்தையில் கேட்கும் அதே குரலில் கேட்டான்:

"உங்கப்பன் எதனால செத்தாரு, ஜார்லத்?"