ஐந்து மணிக்கு முன்னும் பின்னும்

மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை விடுவார்கள். மகள் நான்கு மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்புவாள். மகன் ஐந்து ஐந்துக்கு வருவான். யாரும் உட்கார்ந்து பேசி இப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை. முதல் நாள் அப்படி அமைந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கட்டிலில் கிடந்த அம்மா ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வியாழக்கிழமை காலை ஆபரேஷன்.

திங்கட்கிழமை மாலை, மகனும் போன பிறகு, அம்மா தன் கணவரைக் கூப்பிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"என்னை உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப புள்ளைங்க ரெண்டு பேரும் நிக்கணும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பேசிக்கக்கூட வேணாம்."

"டாக்டர்தான் பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே."

"அவருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. படுக்கப்போறது நானு."

அவர் ஆரஞ்சுப் பழத்தின் நாரை உரித்துக்கொண்டிருந்தார். உரிக்க மேலும் நார் இல்லாதபோதும் உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து மூன்று வருடமாக ஒரே கம்பெனி. நகரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களின் கூரைக்கு அவர் ஏறியிருக்கிறார். அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. லிஃப்ட் கூண்டின் மேலே ஏறுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும். சாவி தன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அந்தப் பூட்டை வேறு யாரும் தொடக்கூடாது. போட்டவன்தான் எடுக்க வேண்டும். தொட்டால் மேலே நிற்கிற ஆள் நசுங்கிப்போவான்.

இந்த விதியை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். பிள்ளைகள் சிறுவயதில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டால், யார் நிறுத்தினார்களோ அவர்கள்தான் முதலில் பேச வேண்டும். நடுவில் வேறு ஆள் சமாதானம் பேசக்கூடாது. ஒருமுறை தம்பி அக்காவின் சைக்கிள் மணியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான். அக்காவுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு. அவள் பேச்சை நிறுத்தினாள். இரண்டாம் நாள் அம்மா, "போனாப் போகுது, தம்பிதானடி" என்று ஆரம்பித்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ உள்ள கை வைக்காத. பூட்டு போட்டது அவ. அவளே எடுக்கட்டும்."

மகள் ஒரு அட்டையில் தன் பெயரை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். மூன்றாம் நாள் அவளே கழற்றி வைத்துவிட்டு, "டேய், மணி எங்கடா?" என்றாள். இதை அவர் கம்பெனியில் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். என் வீட்டில் பஞ்சாயத்தே கிடையாது என்பார்.

இப்போது மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மகன் சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். அவர்கள் ஒருவரோடொருவர் பேசி நான்கு வருடமாகிறது.

காரணம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன் மகனை அவர் தன் கம்பெனியில் சேர்த்துவிட்டார். மேலதிகாரியிடம் இரண்டு முறை கெஞ்சிப் பெற்ற வேலை. ஐந்தாவது மாதம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். எனக்கு மரவேலைதான் பிடிக்கிறது என்றான். அவர் கத்திப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் பேச்சு அவனிடம் எடுபடாத காலம் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அக்கா சொன்னால் அவன் கேட்பான். சட்டை வாங்குவதுகூட அவளைக் கேட்டுத்தான். அதனால் அவர் சொன்னார்:

"நான் மட்டுமா சொல்றேன்? உன் அக்காவே சொல்லிட்டா. உன்ன நம்பி ஒரு வேலையில எறங்கினா நடுவுல தொங்க வேண்டியதுதான்னு."

அக்கா அப்படிச் சொல்லவில்லை. அவன் வேலையை விட்டதே அவளுக்கு மறுநாள்தான் தெரியும். அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டான். அவள் இரண்டு முறை, "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள். பிறகு அவளும் கேட்கவில்லை. இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று அவர் இருந்தார். ஒரு மாதம் போன பிறகு சொல்வது, மறுநாளே சொல்வதைவிடக் கஷ்டமாகத் தெரிந்தது. ஒரு வருடம் போன பிறகு சொல்லவே முடியாது என்று தோன்றியது. மகனுக்குக் கல்யாணம் ஆனது. குழந்தை பிறந்தது. அக்கா அந்தக் குழந்தையை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோனதாகப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. முந்தின நாள் வேலை பார்த்தவன் தன் பூட்டை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். கம்பெனியில் அவனுக்குப் பெயர் கொட்டாவி. அட்டையில் அவன் கையெழுத்து கோணலாக இருந்தது. போனை எடுக்கவில்லை. ஏழாம் மாடிப் பெரியவர் ஒருவர் கைத்தடியுடன் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து, கம்பெனியை ஆதியோடந்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார். மேலதிகாரி போனில் சொன்னார்: "உள்ள ஆள் இல்லன்னு தெரியுதுல்ல? வெட்டி எறிஞ்சிட்டு ஓட விடுங்க."

"என் பூட்டு இல்ல சார். தொட மாட்டேன்."

பஸ் பிடித்து நாற்பது நிமிடம் போய்க் கொட்டாவியைப் படுக்கையிலிருந்து எழுப்பினார். அவன் ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் வேறு செருப்புமாக வந்தான். திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான்.

"ஏண்ணே, ஒரே வெட்டுல முடியுற வேலை. அதுக்கு என்னைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறீங்களே."

"போட்டவன்தான் எடுக்கணும்."

"அது சரி. அட்டையில என் பேர் இருந்துச்சு, நேரா என் வீட்டுக்கு வந்துட்டீங்க. நான் ஒரு கிறுக்கு புத்தியில உங்க பேர எழுதி மாட்டியிருந்தா? எல்லாரும் உங்களையில்ல தேடிட்டு வந்திருப்பாங்க?"

அவன் சொன்னது வேடிக்கைக்குத்தான். சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியும் போனான். அவர் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. இருவரும் ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தார்கள்.

அன்று அவர் மருத்துவமனைக்கு வந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. வாசலுக்கு எதிரே மகளின் பயிற்சிக் கார் நின்றது. அவள் கிளம்பாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே மகன் பைக்கை நிறுத்திக் குழந்தையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றாள் கண்ணாடியை இறக்கி, "குட்டிக்குப் பட்டன் மாத்திப் போட்டு விட்டிருக்கான் பாருங்க. போய்ச் சொல்லுங்க."

"நீயே போய்ச் சொல்லேன்."

"நானா? நான் ரெண்டு தடவை கேட்டாச்சு. பூட்டு போட்டது அவன். நீங்க சொல்லிக்கொடுத்த பாடம்தானப்பா?"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் குழந்தையை விட்டு நகரவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். கார் கதவில் அவர் கை இருந்தது. "டிராஃபிக் ஆயிடும், கிளம்பு" என்றார்.

புதன்கிழமை மாலை, மகன் தண்ணீர் பிடிக்க வராந்தாவுக்கு வந்தான். அவர் பின்னாலேயே போனார். குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது.

"உன் அக்கா அதச் சொல்லல."

"எத?"

"உன்ன நம்பினா நடுவுல தொங்கணும்னு."

அவன் திரும்பவில்லை. "இப்ப எதுக்கு அது? அவ தூது விட்டாளா?"

"அவளுக்குத் தெரியவே தெரியாது. நானா சொன்னது அது. அவ பேரப் போட்டுச் சொன்னேன்."

பாட்டில் நிறைந்து அவன் கைமேல் வழிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்?"

"என் பேச்ச நீ கேக்க மாட்டேன்னு நெனச்சேன். அவ பேச்சுன்னா கேப்ப."

"கேட்டேனே. நல்லாவே கேட்டேன்." அவன் குழாயை மூடினான். "என் கல்யாணத்துல போட்டோ எடுக்குறப்ப அவ வந்து பக்கத்துல நின்னா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். அந்தப் போட்டோ எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. நீங்க வர்றப்பல்லாம் அதுக்குக் கீழதான் உக்காந்து டீ குடிக்கிறீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் குடிச்சிருக்கீங்க."

அவன் பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு மாடிப்படியில் இறங்கினான். ஐந்தரைதான் ஆகியிருந்தது.

அவர் உள்ளே வந்து தண்ணீரை மேசையில் வைத்தார். மனைவி வாசலைப் பார்த்தாள்.

"எங்க அவன்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"ஒரு வாரம் கழிச்சு அவன் எங்கிட்ட அந்த வார்த்தையச் சொன்னான். நடுவுல தொங்குறதுன்னு யாரு பேசுவா? அவளா இருந்தா பிரேக்கு, கிளட்சுன்னு ஏதாவது சொல்லியிருப்பா. அது லிஃப்ட்காரர் வாய்."

"ஏன் எங்கிட்ட கேக்கல நீ? அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"எத்தன தடவ உள்ள கை வைக்காதன்னு சொல்லியிருக்கீங்க? இருபது வருஷம் கேட்டுக் கேட்டு என் கையே மரத்துப்போச்சு. போட்டவரே எடுப்பாருன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்." போர்வையை விட்டுவிட்டு, "என் மேலயும் தப்புதான்" என்றாள்.

அவள் அதைச் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள்மேல் என்ன தப்பு என்று சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவர் வராந்தாவில் நின்றிருந்தார். மகன் வருவானா என்று தெரியவில்லை. மகளுக்குப் போன் செய்து தானே சொல்லிவிட வேண்டும் என்று காலையில் மூன்று முறை போனை எடுத்து மூன்று முறை வைத்திருந்தார். ஜன்னல் வழியே கீழே பயிற்சிக் கார் வந்து நின்றது தெரிந்தது. அதிலிருந்து முதலில் மகன் இறங்கினான். பின் கதவைத் திறந்து மகள் குழந்தையைத் தூக்கினாள். குழந்தை யாரோ என்று முரண்டு பிடித்து அவள் முகத்தைத் தள்ளியது. அவள் விடவில்லை.

மேலே வந்தபோது இருவர் கண்களும் வீங்கியிருந்தன. அவரைத் தாண்டி அறைக்குள் போனார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அம்மா இருவர் கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, குழந்தையைக் காட்டி, "யாருடி இவளுக்குத் தலை வாரினது, காக்கா கூடு மாதிரி?" என்றாள்.

"உன் மருமகதான் வாரிவிட்டா. அதுவும் பாதித் தூக்கத்துல," என்றான் மகன்.

"அவள ஏன்டா சொல்ற? சீப்பக் குடு நான் வாரிவிடுறேன்," என்றாள் மகள்.

தள்ளிக்கொண்டு போகிறவர்கள் வந்தார்கள். அம்மா ஆபரேஷன் அறைக் கதவுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். கதவருகில் ஒருமுறை தலையைத் திருப்பி அவரைத் தேடினாள். அவர் கையைத் தூக்குவதற்குள் கதவு மூடிவிட்டது.

வராந்தாவில் ஒரே பெஞ்சு. மகளும் மகனும் உட்கார்ந்தார்கள். நடுவில் குழந்தை காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அவர் மகளுக்கு எதிரே வந்து நின்றார்.

"உங்கிட்ட நானே சொல்லணும்னு..."

"அவன் சொல்லிட்டான்பா."

"அவன் சொன்னது வேற. நான் என் வாயால..."

"இப்ப வேணாம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மா வெளிய வரட்டும். அப்புறம் என்னிக்காவது."

"என்னிக்கு?"

அவள் சீப்பை எடுத்தாள். குழந்தையின் தலையைத் தன் மடிப்பக்கம் இழுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். மகன் எழுந்துபோய்த் தேநீர் வாங்கிவந்தான். மூன்று கோப்பைகள். ஒன்றை அக்காவிடம் கொடுத்தான். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டான். மூன்றாவதைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தான். அவரிடம் நீட்டவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவுமில்லை.

அவர் அதை எடுத்துக்கொண்டார். குடிக்கத் தோன்றவில்லை.

"பெரிய அலமாரி ஒண்ணு செஞ்சேன்," என்றான் மகன் அக்காவிடம். "கதவு மூடவே மாட்டேங்குது."

"உன் வேலைல என்னிக்குக் கதவு மூடியிருக்கு?"

"வந்து பாரேன். அப்புறம் பேசு."

நர்ஸ் ஒருத்தி கடந்துபோகும்போது அவரைப் பார்த்தாள். "உக்காருங்கய்யா. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

பெஞ்சில் குழந்தையின் கால் நீண்டிருந்தது. இருவரும் அதை நகர்த்தவில்லை.

"பரவால்லம்மா," என்றார் அவர்.