ஒரே வாய்க்கால்காரிகள்

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் தொடங்குமுன் அசெம்பிளி லைனில் உள்ள எல்லாரும் வெள்ளைப் பலகை முன்னால் கூடுவோம். யாராவது ஒருத்தி ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி விளக்க வேண்டும்; சூப்பர்வைசர் வைத்த வழக்கம் அது. அன்று ‘ரைவல்’ என்று எழுதியவள், தென்காசியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, என் பக்கத்தில் நின்று வயர் மாட்டியவள். லைன் லீடர் வேலை அப்போது காலியாக இருந்தது. எனக்கா அவளுக்கா என்று கேன்டீன் முழுக்க அதே பேச்சு. நான் சீனியர், உள்ளூர் மண்ணூர்க்காரி. அவளுக்கு வாய் இருந்தது. அவள் பேச எழுந்தாலே எனக்கு வயிறு எரியும்.

“இன்னைக்கு ரைவல்னா போட்டிக்காரி. பழைய லத்தீன்ல, ஒரே ஓடைத் தண்ணிய எடுத்துப் பொழைக்கவங்களாம்,” என்றாள். தண்ணீருக்குச் சண்டை வந்து அந்தச் சொல்லுக்கு எதிராளி என்று பொருள் வந்ததாம். ஒரே பெண்ணை விரும்பிய ஆண்களுக்கும் அதுவே பெயரானது. ஆங்கிலத்தில் கொஞ்ச காலம் கூட்டாளி என்றுகூடப் பொருள் இருந்ததாம். இன்று கம்பெனிக்குக் கம்பெனி ரைவல். அதோடு விட்டிருக்கலாம். “நம்ம மண்ணூர் அக்காவோட அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வாய்க்கால்ல முறை வச்சு மடை திறப்பாங்க. மடைய அடைக்க நேரமாச்சுன்னா மம்பட்டியத் தூக்கிருவாங்க. சாயங்காலம் டீக்கடைக்கு ஒண்ணாத்தான் போவாங்க!” ஒரே கைதட்டல். நான் கம்பெனி பஸ்ஸில் அவளிடம் சொன்ன கதை அது. வாய்க்கால் என்னுடையது, அப்பா என்னுடையவர், கைதட்டல் மட்டும் அவளுக்கு.

“இன்னாமே, எங்க வூட்டுக் கதைய வச்சிக்கினு பேர் வாங்குறியா?” என்று அவளிடமே கேட்டேன்.

“யக்கா, நீங்க சொல்லலைன்னா எனக்கு அந்தச் சொல்லே புரிஞ்சிருக்காது,” என்றாள். அந்தப் பணிவு இன்னும் எரிச்சலாக இருந்தது.

லைன் லீடராக அவளைத்தான் போட்டார்கள். பஸ்ஸில் நான் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டேன். பிறகு ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அந்த இடம் எனக்கு வந்தது. ஆசைப்பட்டதுதான். காலையில் இப்போது பெண்கள் செல்போனைப் பார்த்து ஒரு சொல்லை ஒப்பித்துவிட்டு ஓடுகிறார்கள்.

போன வாரம் ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் ஒரு சின்னப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் வேலை பார்ப்பது தென்காசிக்காரி போய்ச் சேர்ந்த அதே கம்பெனியில். “எங்க லைன் லீடர் தென்காசி அக்கா. டெய்லி ஒரு வார்த்தைக்குக் கதை சொல்வாங்க. அத்த கேக்கவே நான் சீக்கிரம் போயிடுவேன்,” என்றாள் சிரித்துக்கொண்டே.

நான் யாரென்று சொல்லவில்லை. அவள் பஸ் வந்தது. மறுநாள் காலையில் கதை கேட்கத் தென்காசிக்காரி முன்னால் போய் நிற்கப் போகிறவள் இவள். எனக்கு இவள்மேல் பொறாமையாக இருந்தது.